115 பக்கம், நான்கு வாரம்

நாஜிகள் யூதர்களைக் கொன்றொழித்த ஹோலோகாஸ்ட்டில் உயிர் பிழைத்த எலீ வீசெலின் நினைவுக்குறிப்பு ‘நைட்’, அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலும் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் வரும். மெலிந்த புத்தகம். அவர் மனைவி மரியன் வீசெல் மொழிபெயர்த்த 2006ஆம் ஆண்டுப் பதிப்பில் 115ஆம் பக்கத்தோடு நினைவுக்குறிப்பு முடிந்துவிடுகிறது. வாக்கியங்களும் சின்னச் சின்னவை. வாசிப்புக் கடினத்தை அளக்கும் லெக்சைல் கணக்கில் 570 சொச்சம்தான். அதைப் பார்த்துவிட்டு “ஆறாம் வகுப்புக்கே கொடுக்கலாமே” என்று கேட்பவர்கள் உண்டு. லெக்சைல் வாக்கியம் எவ்வளவு நீளம், சொல் எவ்வளவு அரிது என்று எண்ணிச் சொல்லும். வாக்கியத்துக்குள் என்ன நடக்கிறது என்பது அதன் கணக்கில் இல்லை.

நான்கு வாரம் ஒதுக்குங்கள். 45 நிமிடப் பாடவேளை என்றால் இருபது வரும். புத்தகத்தைத் திறக்கும் முன் நான்கு, வாசிக்கப் பதினொன்று, எழுதவும் பேசவும் ஐந்து. அவசரத்தில் இரண்டு வாரமாகச் சுருக்குபவர்கள் முதலில் வெட்டுவது அந்த முன் நான்கைத்தான். அதன் பலன் பத்தாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும்: “ஏன் சார் இவங்க ஓடிப் போகலை?” என்று ஒரு கை எழும். அதற்குப் பிறகு பாதி வகுப்பு வீசெலின் சொந்த ஊரான சிகெட்டின் ஊர்க்காரர்களை அசடுகள் என்று முடிவுகட்டிக்கொண்டுதான் படிக்கும்.

அந்தக் கேள்விக்கு உபதேசம் எடுபடாது, தேதி எடுபடும். ஒரு தாளை நீளவாக்கில் மடித்து, இடப்பக்கம் புத்தகத்தில் நடப்பது, வலப்பக்கம் வெளியே நடந்தது என்று எழுதச் சொல்லுங்கள். திரான்சில்வேனியாவில் இருக்கும் சிகெட் 1940இல் ஹங்கேரியின் கைக்குப் போனது. 1941இல் ஹங்கேரி தன் எல்லைக்குள் இருந்த வெளிநாட்டு யூதர்களை நாடு கடத்தியது. புத்தகத்தின் மொய்ஷே அப்படிப் போய், படுகொலையில் தப்பி, திரும்பி வந்து வீடு வீடாகச் சொல்லியும் யாரும் நம்பாத ஆள். ஜெர்மன் படை ஹங்கேரிக்குள் நுழைந்தது 1944 மார்ச் 19. மே 15 முதல் ஜூலை 9 வரை அந்த நாட்டிலிருந்து சுமார் 4,40,000 யூதர்கள் ரயிலேற்றப்பட்டார்கள், பெரும்பாலும் ஆஷ்விட்ஸுக்கு. நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டியில் இறங்கிய ஜூன் 6 இந்த எட்டு வாரத்துக்குள்தான் விழுகிறது. சோவியத் படையும் கிழக்கிலிருந்து நெருங்கிக்கொண்டிருந்தது. வலப்பக்கத்தை நிரப்பும்போது மாணவர்களே சொல்லிவிடுவார்கள்: இன்னும் கொஞ்ச நாளில் போர் முடிந்துவிடும் என்று அந்த ஊர் நம்பியதில் பைத்தியக்காரத்தனம் ஒன்றுமில்லை.

முகாம்களையும் முன்கூட்டியே பிரித்துக் காட்டிவிட வேண்டும். தமிழில் ‘வதைமுகாம்’ என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டுவிடுகிறோம். ஆங்கிலம் பேசும் பிள்ளைகளும் ‘கேம்ப்’ என்று சொல்லிவிட்டு அதையேதான் செய்கிறார்கள். ஆஷ்விட்ஸ் ஒரே முகாம் இல்லை. ரயில் போய் நின்ற பிர்கெனாவில் விஷவாயு அறைகள் இருந்தன. பிறகு வீசெலும் அப்பாவும் கொண்டுபோகப்பட்ட மோனோவிட்ஸ், அதாவது புத்தகத்தில் வரும் ‘பூனா’, ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தின் ரப்பர் ஆலைக்கு ஆள் தந்த உழைப்பு முகாம். இந்த வேறுபாடு தெரியாதவர்களுக்கு ‘செலெக்‌ஷன்’ என்ற சொல் (யார் உழைக்க, யார் சாக என்று பிரிப்பது) திரும்பத் திரும்ப வருவதன் பயங்கரம் உறைக்காது.

சொற்பட்டியல் பதினைந்தைத் தாண்ட வேண்டாம். காப்போ (சக கைதிகளை மேய்க்கும் கைதி), தல்மூது, கபாலா (யூத சமய நூலும் மறைஞான மரபும்), ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர் (யூதத் திருநாட்கள்) போன்றவற்றுக்கு ஒரு வரி விளக்கம் போதும். ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் கால் மணி நேரம் கொடுத்தே ஆக வேண்டும், அது காதிஷ். ‘இறந்தவர்களுக்கான பிரார்த்தனை’ என்று அடிக்குறிப்பு சொல்லும். பொய்யில்லை, ஆனால் போதாது. அந்தப் பிரார்த்தனையில் சாவைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. இறைவனின் பெயர் உயர்க, புனிதப்படுக என்றே தொடங்குகிறது. இது தெரிந்த பிறகு பிர்கெனாவில் முதல் இரவைத் திறவுங்கள். நெருப்புக் குழியை நோக்கி வரிசை நகர்கிறது. சுற்றிலும் இருப்பவர்கள் காதிஷ் சொல்கிறார்கள், அதுவும் தங்களுக்கே. அப்பாவின் உதடும் அதை முணுமுணுக்கிறது. அந்தப் பெயரை நான் ஏன் புனிதப்படுத்த வேண்டும் என்று பையன் வீசெலுக்குள் முதன்முறையாகக் கோபம் பொங்குகிறது. காதிஷின் முதல் வரி தெரியாத மாணவர் இதை ‘கடவுள் நம்பிக்கை போச்சு’ என்று ஓரத்தில் குறித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார். தெரிந்தவருக்கு அது பிரார்த்தனையின் வரிக்கே வரியாகக் கொடுத்த பதில் என்று புரியும். அதோடு விட்டுவிடாதீர்கள். குழிக்குச் சில அடி இருக்கும்போது, தன்னையும் மீறி, அதே சொற்கள் அவன் வாயிலிருந்தும் வருகின்றன. கோபமும் பிரார்த்தனையும் ஒரே காட்சியில். ‘நம்பிக்கை இழப்பு’ என்ற தலைப்பில் ஆண்டுதோறும் குவியும் கட்டுரைகள் கண்டுகொள்ளாத இடம் இது.

அதற்குச் சற்றுப் பின்னால்தான் எல்லாப் பாடநூல்களும் எடுத்துப்போடும், ‘ஒருபோதும் மறக்கமாட்டேன்’ என்று அடுக்கி வரும் பத்தி. பெரும்பாலான வகுப்புகள் “அனஃபோரா” (ஒரே சொல்லில் வரிகளைத் தொடங்கும் உத்தி) என்று பெயர் வைத்துவிட்டு நகர்ந்துவிடும். பெயர் வைப்பது வாசிப்பு ஆகாது. எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். முழுத் தொடர் ஏழு முறை, கடைசியில் ‘ஒருபோதும்’ மட்டும் தனியாக ஒரு முறை. பத்தியின் முதல் வாக்கியத்திலேயே அந்த இரவு ‘ஏழு முறை முத்திரையிடப்பட்டது’ என்று வருகிறதே, அதை யாராவது ஒரு மாணவர் கண்டுபிடிப்பார். அவரே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். 1960இல் வந்த ஸ்டெல்லா ராட்வேயின் மொழிபெயர்ப்பு பள்ளி நூலகத்தில் கிடந்தால் பக்கத்தில் வையுங்கள். சிறு மாற்றங்கள்கூடப் பேசும். பழையதில், வயது என்ன என்று கேட்டால் இன்னும் பதினைந்து ஆகவில்லை என்கிறான். புதியதில் பதினைந்து என்கிறான். வீசெல் பிறந்தது 1928 செப்டம்பர் 30. கழித்துப் பார்த்தால் எது சரி என்று தெரிந்துவிடும்.

சத்தமாக வாசிப்பதில்தான் வகுப்புகள் அதிகம் சறுக்குகின்றன. யாரையாவது திடீரென்று கூப்பிட்டு ‘அடுத்த பத்தி நீ’ என்பது வேறு புத்தகத்துக்குச் சரி. இங்கே, தூக்கிலிடப்படும் சிறுவனின் பக்கம் ஒரு கூச்ச சுபாவிப் பிள்ளையின் தலையில் விழும். அது தடுமாறும், பின்வரிசையில் யாராவது சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு பெரும்பாலும் பதற்றம்தான், கொழுப்பு இல்லை. ஆனால் பாடவேளை அதோடு போச்சு. ரயில் பெட்டி, முதல் இரவு, தூக்குமேடை, அப்பாவின் சாவு ஆகிய நான்கையும் ஆசிரியரே, குரலில் நடிப்பில்லாமல் வாசிப்பது நல்லது. முந்தைய நாளே சொல்லிவிடுங்கள், எழுந்து வெளியே போக அனுமதி கேட்கத் தேவையில்லை என்பதையும் சேர்த்து. வாசித்து முடிந்தபின் மணியடிக்கப் பத்து நிமிடமாவது மிஞ்ச வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி வேளையில் தூக்குமேடைப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். இரண்டு நாள் அந்தப் பிள்ளை அதைத் தனியாகச் சுமந்துகொண்டு திரியும்.

ஒரு பெட்டிக்குள் எண்பது பேர் என்று வருவதால், தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டு மாணவர்களை உள்ளே நெருக்கி நிறுத்தும் ‘செயல்பாடு’ ஒன்று இன்னும் சில இடங்களில் நடக்கிறது. நாஜிகள் யூதர்களை அணியவைத்த மஞ்சள் நட்சத்திரத்தை ஒட்டிவிடுவதும் உண்டு. வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகத்தின் ஆசிரியர் வழிகாட்டுதல் இவற்றை வேண்டாம் என்றே சொல்கிறது. பாதிப் பேருக்கு அது விளையாட்டு, சிலருக்குக் காயம். அதைவிட மோசம், மிச்சப் பேர் ‘அது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்’ என்று வீட்டுக்குப் போவார்கள். குறுக்கெழுத்துப் புதிரும் அதே ரகம்தான். வகுப்பில் யூத மாணவர் இருந்தால் அவரை அந்த இனத்தின் பேச்சாளராக்காதீர்கள். அகதியாக வந்த பிள்ளை இருக்கிறதா என்பதையும் முன்னமே பார்த்துவைத்து, பெற்றோருக்கு ஒரு வாரம் முன்பே கடிதம் அனுப்பிவிடுங்கள்.

பிணக்குவியல் படங்கள் தேவையில்லை. ‘ஆஷ்விட்ஸ் ஆல்பம்’ இருக்கிறது: 1944 கோடையில் ஹங்கேரி யூதர்கள் பிர்கெனாவ் நடைமேடையில் இறங்குவதை நாஜிகளின் எஸ்.எஸ். படை ஆட்களே எடுத்த படங்கள். வீசெல் குடும்பம் இறங்கியதும் அந்தக் காலத்தில்தான். அதே ரயில்களில் ஒன்றில் வந்து உயிர் பிழைத்த லில்லி ஜேக்கப் என்ற பெண் போர் முடியும் தறுவாயில் அதைக் கண்டெடுத்தார். இப்போது ஜெருசலேமில் உள்ள ஹோலோகாஸ்ட் நினைவகமான யாத் வஷேமில் இருக்கிறது. ஒரே ஒரு படத்தைப் பத்து நிமிடம் பார்க்கவிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: இதில் என்ன தெரிகிறது, கேமரா யார் கையில் இருக்கிறது?

தேர்வுக்கு ‘யார் யாரிடம் சொன்னது’ வகைக் கேள்விகளைத் தூக்கி எறியுங்கள். மாணவர் தாளில் ‘நாவல்’, ‘கதாநாயகன்’ என்று எழுதினால் ஒவ்வொரு முறையும் வட்டமிடுங்கள். இது சாட்சியம். ஆனால் செதுக்கப்பட்ட சாட்சியம் என்பதையும் மறைக்கக் கூடாது, ஆங்கில வகுப்பின் வேலையே அங்கேதான் இருக்கிறது. 1956இல் புவெனஸ் ஐரிஸில், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யிடிஷில் வெளியானபோது புத்தகம் இதைவிட நீளம், கோபமும் அதிகம். 1958இன் பிரெஞ்சு வடிவம் வெட்டிச் சுருக்கியது, ஆங்கிலம் அதிலிருந்து வந்தது. விடுதலைக்குப் பின் அவன் கண்ணாடி பார்க்கும் காட்சியில் ஆங்கிலப் புத்தகம் முடிகிறது: உள்ளிருந்து ஒரு பிணம் அவனைப் பார்க்கிறது. யிடிஷில் அவன் அந்தக் கண்ணாடியை உடைக்கிறான்.

கடைசி நாளுக்கு இந்த இரண்டு முடிவும் போதும். பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவைத்து, எழுதியவர் ஒருவரே, வாசிப்பவர்கள் வேறு வேறு என்று மட்டும் சொல்லிவிட்டு, இருபது நிமிடம் எழுத விடுங்கள். ‘இந்தப் புத்தகத்திலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்’ என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கான பதில் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரிதான் வரும்.