பேபி பழனிசாமி

என் பெயர் செந்தில்குமார். இதைச் சொன்னதுமே என் வயது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1970களின் கடைசியில், 80களின் தொடக்கத்தில் கோபி, ஈரோடு பக்கம் ஆண் குழந்தை பிறந்தால் செந்தில்குமார், சரவணன், கார்த்திகேயன் என்று மூன்று சீட்டு எழுதிப் போட்டு ஒன்றை எடுத்தார்களோ என்னவோ, பள்ளியில் என் வகுப்பில் மட்டும் நான்கு செந்தில்குமார் இருந்தோம். கணக்கு வாத்தியார் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இனிஷியல்தான். எஸ் எழுந்திரு, பி உட்காரு.

போன மாதம் அக்காவுக்குப் பேரன் பிறந்தான். மருமகன், அதாவது அக்கா மகன், டல்லாஸில் வேலையில் இருக்கிறான், பிரசவமும் அங்கேதான். குழந்தை பிறந்து ஒரு மணி நேரம் ஆகவில்லை, குடும்ப வாட்சப் குழுவில் பெயர் வேட்டை ஆரம்பித்துவிட்டது. ஜோசியர் பிறந்த நேரத்தைக் கணித்துப் பார்த்துவிட்டு திருவாதிரை, மூன்றாம் பாதம் என்றார். நட்சத்திரம் 27, ஒவ்வொன்றுக்கும் நாலு பாதம், பாதத்துக்கு ஓர் எழுத்து, ஆக 108. திருவாதிரைக்கு உரிய எழுத்துகள் கு, க, ங, ச. மூன்றாம் பாதத்துக்கு எது வருகிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ங-வில் தொடங்கும் பெயருக்கு எங்கே போக? குழுவில் அரை நாள் மயான அமைதி. அப்புறம் ஜோசியரே மனமிரங்கி, அதே நட்சத்திரத்தின் மற்ற எழுத்துகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

இன்றைய பெயர்களின் கூத்துக்குப் பாதிக் காரணம் இந்த எழுத்துதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மீதிப் பாதி, யாருக்கும் இல்லாத பெயராக இருக்க வேண்டும் என்ற ஆசை. ஜோசியர் கொடுத்த எழுத்தைத் தலையில் வைத்து, வாலில் ஒரு ‘ஷ்’ அல்லது ‘ஷிகா’ ஒட்டி, எண் கணிதக்காரர் சொன்னபடி ஆங்கிலத்தில் இரண்டு ஏ, ஒரு ஹெச் செருகினால் பெயர் தயார். அர்த்தம் கேட்டால் சமஸ்கிருதத்தில் ‘ஒளி’ என்பார்கள். எல்லாப் பெயருக்கும் ஒளிதான். கிண்டல் செய்ய எனக்கு யோக்கியதை கிடையாது, என் மகள் தர்ஷினி. ஊரில் ஒருத்திக்கும் இல்லாத பெயர் என்று நானும் மனைவியும் பத்து நாள் உட்கார்ந்து தேடி வைத்தோம். ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று பார்த்தால் அவளோடு இன்னும் இரண்டு தர்ஷினி, ஒரு வர்ஷினி, ஒரு ஹர்ஷினி. டீச்சர் கூப்பிட்டால் அஞ்சும் திரும்புதுகள்.

எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, காலத்தில் தேடும் வேலையே இல்லை. முதல் பையனுக்கு அப்பாவின் அப்பா பெயர், முதல் பெண்ணுக்கு அப்பாவின் அம்மா பெயர். பெயரைச் சுமப்பவன் என்பதால்தானே பெயரன், பேரன். அப்பாரு பெயர் சென்னியப்பன், எனவே பெரியப்பாவின் மூத்த மகனும் சென்னியப்பன். சிக்கல் என்னவென்றால், ஆத்தா, அதாவது அப்பாரின் மனைவி, புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார், பெரியம்மா மாமனார் பெயரைச் சொல்ல மாட்டார். ஆக, வைத்த பெயரை வீட்டில் ஒருவரும் கூப்பிடவில்லை, அவன் ராசு ஆகிவிட்டான். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் வாத்தியார் ‘சென்னியப்பன்’ என்று கூப்பிட, அப்பாரைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அவன் பேசாமல் உட்கார்ந்திருந்தானாம்.

ஆத்தாவின் பாடு அதைவிட மோசம். சென்னிமலைக்குப் போக வேண்டும், ஆனால் மலையின் பெயரில் புருஷன் பெயர் இருக்கிறது. பஸ்ஸில் ஏறி, “மலைக்கோயிலுக்கு ஒரு டிக்கெட்டுங்க” என்பார். “எந்த மலைங்காத்தா, சிவன்மலையா, சென்னிமலையா?” என்று கண்டக்டர் கேட்டால், “ரெண்டாவதா சொன்னீங்கல்ல, அதுதானுங்க.” இந்தக் கூத்தை நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

இப்போது யோசித்தால் அந்தப் பெயர்கள் ஒரு விலாசம் மாதிரி. சென்னியப்பன் என்றால் சென்னிமலை முருகன். மகுடேஸ்வரன் கொடுமுடிக்காரர், அர்த்தநாரி என்றால் திருச்செங்கோடு, சங்கமேஸ்வரன், வேதநாயகி என்றால் பவானி, அவிநாசியப்பனுக்கு விளக்கமே வேண்டாம். பண்ணாரி என்று ஒருவர் பெயர் சொன்னால் சத்தியமங்கலத்துப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். நஞ்சப்பன், நஞ்சம்மாள் என்ற பெயர்கள் மலை தாண்டி மைசூர்ச் சீமையில் இருக்கும் நஞ்சன்கூட்டு நஞ்சுண்டேஸ்வரரிடமிருந்து வந்தவை. எவ்வளவு தூரம் நடந்து போய்க் கும்பிட்டிருப்பார்கள்! குப்புசாமிக்கு வேறு கதை. பிறக்கும் பிள்ளைகள் எல்லாம் தவறிக்கொண்டே இருந்தால், அடுத்த பிள்ளையைக் குப்பையில் போட்டு எடுத்து அந்தப் பெயரை வைப்பார்களாம். எமனுக்கே வேண்டாத பிள்ளை என்று தோன்ற வேண்டுமாம்.

எல்லா விலாசத்தையும் மீறிய ஒரே பெயர் பழனிசாமி. இந்தச் சீமையில் பழனிசாமி இல்லாத தெரு உண்டா? முதலமைச்சர் வரைக்கும் வந்துவிட்டார்கள், அவரையும் ஊர்ப்பெயரைச் சேர்த்து எடப்பாடியார் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் ஊரில் மேக்கால தோட்டத்துப் பழனிசாமி, கரட்டுக்காட்டுப் பழனிசாமி, ரைஸ்மில் பழனிசாமி என்று ஆளுக்கொரு அடையாளம். என் போனில் மட்டும் ஆறு பேர் இருக்கிறார்கள், போர்வெல், பால் சொசைட்டி, எல்ஐசி என்று பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அக்கா வீட்டு மச்சானும் ஒரு பழனிசாமிதான்.

நடுவில் தமிழ்ப் பெயர் அலை ஒன்று வந்தது. 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் அப்புறம் திராவிட இயக்கத்தின் கையில் வேகம் பிடித்து, நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார், எங்கள் ஊர்வரைக்கும் இளங்கோவும் தமிழ்ச்செல்வியும் பூங்கொடியும் வந்து சேர்ந்தார்கள். அது அடங்கி ரமேஷ், சுரேஷ், தினேஷ். இப்போது மறுபடி கவின், யாழினி, இனியன். தீரன் என்றும் நிறைய வைக்கிறார்கள், 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட சின்னமலையை நினைத்து. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் தீர்த்தகிரி. அதை வைப்பதற்குத்தான் ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை.

பெண்கள் பெயர் இன்னும் வேகமாக மாறியது. பழனியாத்தாள், ராமாத்தாள், கருப்பாத்தாள் என்று ஓர் தலைமுறை முழுக்க ஆத்தாள்கள். அடுத்த தலைமுறை சாந்தாமணி, துளசிமணி, பாலாமணி என்று மணிகள். எங்களோடு படித்தவர்கள் கவிதா, சுமதி, மகேஸ்வரி. எனக்கு உறுத்துவது இங்கேதான். ஆண்களின் பழைய பெயர் எப்படியாவது தப்பித்துக்கொள்கிறது. சுப்பிரமணியம் என்ற என் அப்பா என் இனிஷியலில் இருக்கிறார். ஆத்தா பெயர் ராமாத்தாள், அது யார் இனிஷியலிலும் இல்லை. குடும்பத்தில் எத்தனையோ பேத்திகள், ஒருத்திக்கும் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. கல்யாணப் பத்திரிகைகளில் காலஞ்சென்றவர்கள் வரிசையில் கொஞ்ச நாள் வந்தது, இப்போது அதிலும் இல்லை.

சரி, டல்லாஸுக்கு வருவோம். நம் ஊரில் பெயர் வைக்க அவசரமில்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் போதும், பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதையும் விட்டால் 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புவதற்குள் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டிவிட்டார்கள். இங்கே நாங்கள் ங-வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்.

பெயர் முடிவாகாத பிள்ளையை அங்கே எப்படிக் கூப்பிடுவார்கள்? குடும்பப் பெயரால்தான். மருமகனுக்கு இங்கே வெறும் ‘பி’ என்று இருந்த இனிஷியல், பாஸ்போர்ட்டில் விரிந்து கடைசிப் பெயராகிவிட்டது. ஆக, இரண்டரைக் கிலோ குழந்தையின் கையில் ஒரு பட்டை, அதில் பேபி பழனிசாமி. நர்ஸம்மா வாய்க்கு வந்தபடி அதை இழுத்து இழுத்துக் கூப்பிடும் வீடியோ குழுவில் வந்தது.

இத்தனைக்கும் பழைய பெயரே வேண்டாம் என்று முதலில் சொன்னது மச்சான்தான். “அதெல்லாம் என்னோட போவுட்டும், பையன் நாளைக்குப் பள்ளிக்கோடம் போவோணுமில்ல” என்றவர், இப்போது அந்தப் பட்டையின் போட்டோவை டீக்கடையில் ஒருத்தர் விடாமல் காட்டிக்கொண்டிருக்கிறார். மற்ற பழனிசாமிகளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

கடைசியில் க-வில் கவின் என்று முடிவானது. கவின் பழனிசாமி. நேற்று வீடியோ காலில் அக்கா பேரனைக் கொஞ்சிக்கொண்டிருந்தாள், “சாமி, என்ற சாமி, இங்க பாருங் சாமி” என்று. “ஏக்கா, அவன் பேரு கவினுல்ல?” என்றேன்.

“எனக்கு அது வாயில வரமாட்டீங்குது தம்பி. உங்க மச்சான் பேர்ல பாதியச் சொல்லிக்கறேன், முழுசாச் சொன்னாத்தான தப்பு.”