நைட்ரஜன் குடுவையும் நீர்ப்பாய்ச்சியும்

எங்கள் இயற்பியல் துறைக்குத் திரவ நைட்ரஜன் முதன்முதலில் வந்து சேர்ந்தது, மாடுகளுக்குச் சினை ஊசி போடும் மையம் ஒன்றின் வழியாகத்தான். மதுரையிலிருந்து திருமங்கலம் செல்லும் வழியில் உள்ள எங்கள் கல்லூரியில் நான் பணிக்குச் சேர்ந்த காலத்தில், வாரம் இரண்டு லிட்டர் நைட்ரஜன் கேட்டால் எந்த விற்பனையாளரும் நம்மை மதிக்க மாட்டார். உறைவிந்துக் குச்சிகளை மைனஸ் 196 பாகையில் வைத்திருக்கும் கால்நடை மையத்துக்கோ அது தவறாமல் வந்துகொண்டிருந்தது. அங்கிருந்த மருத்துவரிடம் பேசி, எங்கள் குடுவையையும் அவருடைய வண்டியிலேயே ஏற்றிவிடும் ஏற்பாட்டைச் செய்துகொண்டோம். ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. பொங்கலுக்கு அவர் வீட்டுக்கு ஒரு கரும்புக் கட்டு போனது, அவ்வளவுதான். நான் பார்த்த கூட்டு வசதிகளில் தடங்கல் மிகக் குறைந்தது எது என்று கேட்டால் இன்றும் இதைத்தான் சொல்வேன்.

அந்த நைட்ரஜனை வைத்து நாங்கள் நிறையவே செய்தோம். 1987இல் கண்டறியப்பட்ட இட்ரியம் பேரியம் தாமிர ஆக்சைடு ஏறத்தாழ 92 கெல்வினிலேயே மீகடத்தியாகிவிடும், அதாவது மின்தடை அற்றுப்போய், காந்தப்புலத்தையும் விலக்கித் தள்ளும். நைட்ரஜன் கொதிப்பது 77 கெல்வினில், அந்த மைனஸ் 196 பாகைதான் அது. ஆகவே காந்தம் அந்தரத்தில் மிதப்பதை ஒரு தேநீர்க் குவளைக்குள் மாணவர்களுக்குக் காட்டிவிடலாம். ஆனால் குவாண்டம் பொருள்கள் குறித்த ஆய்வில் பெரும்பகுதி அந்த வெப்பநிலையில் வாய் திறப்பதில்லை. அதற்கு 4.2 கெல்வினில் கொதிக்கும் திரவ ஹீலியம் வேண்டும். ஒரு லிட்டர் திரவ ஹீலியம் ஆவியாகி அறை வெப்பநிலைக்கு வந்தால் ஏறக்குறைய 750 லிட்டர் வாயுவாகும். நம் நாடு ஹீலியத்தை இறக்குமதி செய்தே வாழ்வதால், ஆவியாகும் அந்த வாயுவைப் பைகளில் பிடித்து, அழுத்தி, தூய்மைப்படுத்தி, மீண்டும் திரவமாக்கும் ஆலை ஒன்று உடன் இருந்தாலொழியக் கணக்கு கட்டுப்படியாகாது. அப்படியோர் ஆலையை ஒரு கல்லூரி தனியாக வைத்து நடத்துவதென்பது, ஒரு குடும்பத்துக்காக ஒரு கண்மாய் வெட்டுவது போன்றது.

இதற்காகத்தான் பொது ஆய்வு வசதிகள் இருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவும் அணுசக்தித் துறையும் சேர்ந்து நடத்தும் அறிவியல் ஆய்வுக் கூட்டமைப்புக்கு இந்தூர், மும்பை, கொல்கத்தா, கல்பாக்கம் ஆகிய இடங்களில் மையங்கள் உள்ளன, சென்னை ஐ.ஐ.டி.யில் உயர்நிலைப் பகுப்பாய்வுக் கருவிகளுக்கான மையம் இருக்கிறது. எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று தேடிப் பதிவு செய்ய ஐ-ஸ்டெம் என்ற இணைய வாயில் 2020 முதல் உள்ளது. திட்ட முன்மொழிவை அனுப்ப வேண்டும், அது ஏற்கப்பட்டால் நாள் ஒதுக்குவார்கள், நாம் மாதிரியோடு போய் அளந்துவிட்டு வர வேண்டும். தாளில் பார்த்தால் எளிமையான ஏற்பாடு.

என்னிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்த ஒரு மாணவி பிஸ்மத் செலினைடு படிகங்களை வளர்த்துக்கொண்டிருந்தார். உட்பகுதி மின்கடத்தாமலும் மேற்பரப்பு மட்டும் கடத்தியும் இருக்க வேண்டிய விசித்திரமான பொருள் அது. 2009இல் கோட்பாட்டாலும் சோதனையாலும் உறுதிப்பட்டது முதல் உலகெங்கும் பலர் அதன் பின்னால் ஓடினார்கள். நடைமுறையில் செலினியம் அணுக்கள் சில இடங்களில் விடுபட்டுப்போவதால் உட்பகுதியும் கடத்தத் தொடங்கிவிடும். நல்ல படிகம் என்பது அந்தக் குறையை எவ்வளவு குறைக்க முடிகிறது என்பதில்தான் இருக்கிறது. காற்று நீக்கி மூடிய குவார்ட்ஸ் குழாயில் 850 பாகைக்குச் சூடாக்கி, நாள்கணக்கில் மெல்ல மெல்ல ஆற விடுவார். ஆறும் வழியில் மின்சாரம் போனால் ஒரு வார உழைப்பு போய்விடும். கோடையில் அப்படி இரண்டு முறை போனது. மூன்றாம் முறை, கண்ணாடிபோல் மின்னிய, நகத்தால் தொட்டால் இதழ் இதழாக உரியும் கருமையான படிகம் கிடைத்தபோது அவர் அழுதுவிட்டார்.

வடக்கே இருந்த ஒரு பொது ஆய்வகத்தில் எங்களுக்கு ஐந்து நாள் ஒதுக்கினார்கள். விண்ணப்பித்த நாளிலிருந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மதுரை சந்திப்பில் மகளை வழியனுப்ப வந்த அவருடைய தந்தை, உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி, என் கையிலிருந்த சிறிய பிளாஸ்டிக் டப்பாவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இத அளக்குறதுக்கா சார் இம்புட்டுத் தூரம் போறீக? நம்ம மதுரையில அந்த மிசினு கெடையாதா?” இல்லை என்று சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

முதல் இரண்டு நாள்கள் வீணாயின. தவறு முழுவதும் எங்களுடையது. படிகத்தின் மேல் நான்கு இடங்களில் வெள்ளிப் பசையால் தங்கக் கம்பிகளை ஒட்டி, வெளி இரண்டின் வழியே மின்னோட்டம் செலுத்தி, உள் இரண்டுக்கு இடையே மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். மதுரையில் அறை வெப்பநிலையில் எல்லாம் சரியாக இருந்தது. குளிர்கலத்தில் இறக்கி 40 கெல்வினைத் தாண்டியதும் ஓர் இணைப்பு விட்டுப்போனது. கலத்தைச் சூடாக்கி, மாதிரியை எடுத்து, மீண்டும் ஒட்டி, மீண்டும் இறக்கினால் ஏறத்தாழ ஒரு நாள் கழிந்துவிடும். மறுநாள் இன்னொரு கம்பி விட்டது.

மூன்றாம் நாள் இரவு, அந்தக் கருவியை இயக்கும் தொழில்நுட்பப் பணியாளர் வீட்டுக்குப் போகாமல் எங்களுடன் உட்கார்ந்தார். அவர் பேராசிரியர் அல்ல. எந்தக் கட்டுரையிலும் அவர் பெயர் ஆசிரியர் வரிசையில் வந்ததாகத் தெரியவில்லை. படிகத்தின் மேலடுக்கை ஒட்டுநாடாவால் உரித்துப் புது முகம் எடுக்கச் சொன்னார். பசையை இன்னும் நீர்க்கக் கரைக்கச் சொன்னார். கம்பியை விறைப்பாக இழுக்காமல் சிறிது தொய்வு விட்டு ஒட்டச் சொன்னார், குளிரில் சுருங்கும்போது அந்தத் தொய்வுதான் காப்பாற்றுமாம். கடைசியாக, ஊரிலேயே நைட்ரஜனில் மூன்று முறை முக்கி எடுத்துப் பார்த்துவிட்டு வந்திருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்குமே என்றார். சினை ஊசி மையத்துக் குடுவை என் கண்முன் வந்தது. அதை வைத்துக்கொண்டு காந்தத்தை மிதக்கவிட்டு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தோமேயொழிய, இது எங்களுக்குத் தோன்றவில்லை. அந்த இரவு ஒட்டிய இணைப்புகள் எஞ்சிய நாள்கள் முழுதும் தாங்கின; ஆய்வேட்டின் நான்காம் இயல் முழுவதும் அந்த இரண்டரை நாளில் கிடைத்த அளவீடுகள்தாம்.

எங்கள் பக்கத்துக் கண்மாய்களுக்கு நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் உண்டு. மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்பதும், எந்த வாய்க்கால் எங்கே கசியும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். அறுவடையில் அவருக்கென்று நெல் அளப்பார்கள். கண்மாய் ஊருக்குப் பொது என்பதற்கு நடைமுறைப் பொருள் கொடுப்பவர் அவர். கூட்டு ஆய்வு வசதிகளைப் பற்றி எழுதப்படும் அறிக்கைகளில் கரையும் மடையும் வருகின்றன, நீர்ப்பாய்ச்சி வருவதில்லை. இது என் நெடுநாள் ஆதங்கம்.

2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ரூ.6,003.65 கோடியில் தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2030-31 வரை நீளும் திட்டம் அது. கணினிக்குப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், தகவல் தொடர்புக்குச் சென்னை ஐ.ஐ.டி., உணர்விகளுக்கும் அளவியலுக்கும் மும்பை ஐ.ஐ.டி., பொருள்களுக்கும் சாதனங்களுக்கும் டெல்லி ஐ.ஐ.டி. என நான்கு மையங்கள் அமைந்தன. அதன்பின் எங்கள் வட்டாரத்திலும் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் பெருகின. நானும் சிலவற்றில் கையெழுத்திட்டேன்; சால்வை போர்த்திய படங்கள் துறைச் சுவரில் இருக்கின்றன. இணையம் வழியாகக் குவாண்டம் கணினியை இயக்கும் வாய்ப்பும் 2016இல் ஐ.பி.எம். நிறுவனம் ஐந்து கியூபிட் (குவாண்டம் கணினியின் தகவல் அலகு) கருவியைத் திறந்துவிட்டதிலிருந்தே உண்டு, எங்கள் மாணவர்கள் அதைப் பயன்படுத்தவும் செய்கிறார்கள். நல்லதுதான், ஆனால் வெள்ளிப் பசை எப்போது விட்டுப்போகும் என்பதை அது கற்றுத் தராது.

உள்ளூரில் உருப்படியாக நடந்தது ஒன்று உண்டு. வைரத்துக்குள் ஒரு கார்பன் இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஜன் அமர்ந்து (இங்கும் நைட்ரஜன்தான்), அதற்கு அடுத்த இடம் காலியாக இருந்தால், அந்த இணை ஒரு குவாண்டம் உணர்வியாகும். 532 நானோமீட்டர் பச்சை லேசரைப் பாய்ச்சினால் சிவப்பாக ஒளிரும், 2.87 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையை ஊட்டினால் அந்த ஒளிர்வு சற்றே மங்கும். பக்கத்தில் காந்தம் கொண்டுவந்தால் மங்கும் அதிர்வெண் இரண்டாகப் பிரியும். இதற்கு ஹீலியம் தேவையில்லை, அறை வெப்பநிலையே போதும். லேசர் எங்களுடையது, வைரத்துண்டு இன்னொரு கல்லூரியுடையது, நுண்ணலைக் கருவி ஒரு பொறியியல் கல்லூரியின் மின்னணுத் துறைக்குச் சொந்தம். மூன்றையும் எங்கள் இருட்டறையில் ஒரே மேசையில் பூட்டினோம். செய்முறைத் தேர்வு நெருங்கினால் நுண்ணலைக் கருவி ஆட்டோவில் ஏறித் தன் கல்லூரிக்குப் போய்விடும். ஆண்டுக்கு இருமுறை எங்கள் உணர்வி உறங்கும். லேசர் ஒருமுறை பழுதானபோது எந்தக் கல்லூரியின் கணக்கில் செலவு எழுதுவது என்று நான்கு மாதம் கடிதம் பறந்தது. மேசையோரம் நூல் கட்டித் தொங்கும் முன்பதிவு நோட்டும், அதைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் ஆய்வக உதவியாளரும் இல்லையென்றால் முதல் ஆண்டிலேயே இது கலைந்திருக்கும்.

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் அவர் ஒரு விதி எழுதி வைத்திருக்கிறார்: வெளியூருக்கு அளக்கப் போகும் எந்த மாதிரியும் நைட்ரஜனில் மூன்று முறை முக்கப்பட்ட பிறகே டப்பாவுக்குள் போக வேண்டும். வடக்கிலிருந்து அந்தத் தொழில்நுட்பப் பணியாளரை இரண்டு நாள் பயிற்சிக்கு மதுரைக்கு வரவழைக்க முயன்றோம். அழைப்பாளர் படிவத்தில் பேராசிரியர், இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர் என்ற மூன்று கட்டங்களே இருந்ததால் பயணப்படி தர வழியில்லை என்றார்கள்.

இந்த ஆண்டு அந்த மூன்று கல்லூரி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் வரைவில் நான் ஒரு பிரிவைச் சேர்த்தேன்: ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுக்கு இரண்டு வாரம் தன் ஆய்வகப் பணியாளர் ஒருவரை, சம்பளத்தோடும் பயணப்படியோடும், பொது வசதி ஒன்றில் வேலை பழக அனுப்ப வேண்டும். வரைவு சென்ற மாதம் திரும்பி வந்தது. அந்தப் பிரிவின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்கள். கேள்வி என்னவென்று எழுதவில்லை. பென்சில் குறியை அழித்துவிட்டு, பிரிவை அப்படியே வைத்து, மறுபடி அனுப்பியிருக்கிறேன்.