சஃபாரியில் மட்டும் உடைகிறது என்றால் முதலில் எங்கே பார்ப்பது

ஒரே ஸ்டைல்ஷீட்தான் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பு). ஐபோனில் பக்கத்தின் கீழ்ப் பட்டன் காணாமல் போகிறது, பழைய ஐபேடில் கார்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, ஃபயர்பாக்ஸில் அழகாக வரும் ஸ்லைடர் குரோமில் மொட்டையாக நிற்கிறது. இப்படி வந்த ஒரு தளத்தை ஒருவழியாகச் சரிசெய்து முடித்தாயிற்று. திருத்தங்கள் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வரிதான். எந்த வரியை எந்த பிரவுசர் தள்ளிவிட்டது என்று கண்டுபிடிப்பதற்குள்தான் உயிர் போகிறது.

கேஷைக் காலி செய்வது, டாக்டைப் (பக்கம் எச்டிஎம்எல் என்று அறிவிக்கும் வரி) முதல் வரியில் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் தெரிந்ததே. பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் உள்ள கன்சோலில் டாகுமென்ட்.காம்பேட்மோட் (document.compatMode) என்று கேளுங்கள். ‘பேக்காம்பேட்’ என்று பதில் வந்தால் பக்கம் குவர்க்ஸ் மோடில், அதாவது பழைய பிரவுசர்களின் பிழைகளைப் பின்பற்றும் நிலையில், ஓடுகிறது. அதைச் சரிசெய்யாமல் வேறு எதையும் தொடாதீர்கள்.

அதிகம் அலைக்கழித்தது ஸ்லைடர். டெம்ப்ளேட் விற்ற இடத்தில் கேட்டால் ‘பிரவுசரை அப்டேட் செய்யுங்கள்’ என்ற ஒரே பதில்தான். எந்த அப்டேட்டும் இதைச் சரிசெய்யாது. ஸ்லைடரின் குமிழுக்கு வெப்கிட் முன்னொட்டு (-webkit-, குரோமுக்கும் சஃபாரிக்கும்) உள்ள செலக்டரையும் (விதி எதற்கு என்று சொல்லும் பகுதி) மோஸ் முன்னொட்டு (-moz-, ஃபயர்பாக்ஸுக்கு) உள்ள செலக்டரையும் கமா போட்டு ஒரே விதியில் எழுதியிருந்தார்கள். கமா பட்டியலில் ஒரு செலக்டர் புரியவில்லை என்றாலும் முழு விதியையும் பிரவுசர் கைவிட வேண்டும் என்பதுதான் சிஎஸ்எஸ் விதிமுறை. குரோமுக்கும் சஃபாரிக்கும் மோஸ் புரியாது, ஆகவே விதியே போய்விட்டது. ஃபயர்பாக்ஸோ தனக்குத் தெரியாத வெப்கிட் போலி உறுப்புகளையும் (pseudo-elements, குமிழ் போன்ற உட்பகுதிகளைக் குறிப்பவை) 63ஆம் பதிப்பிலிருந்து பிழையாகக் கருதுவதில்லை. அதனால் அங்கே மட்டும் வேலை செய்தது. இரண்டு தனி விதிகளாக எழுதி, உள்ளே அதே வரிகளைத் திரும்பப் போட்டால் தீர்ந்தது. பல செலக்டர்களைச் சேர்த்து எழுத உதவும் ‘இஸ்’ (:is) செலக்டருக்குள் அடைத்துத் தப்பிக்கலாம் என்று பார்க்காதீர்கள், அது போலி உறுப்புகளை ஏற்காது.

இதில் இன்னொரு பொறி உண்டு. ஒரு ப்ராப்பர்ட்டி (நிறம், அகலம் போன்றது) தவறாக இருந்தால் குரோமின் ஸ்டைல்ஸ் பலகத்தில் அது கோடிட்டு அடிக்கப்பட்டு, மஞ்சள் முக்கோணத்தோடு தெரியும். செலக்டர் தவறாக இருந்தால் அந்த விதியே பலகத்தில் வராது. எனவே எழுதிய விதி பலகத்தில் காணவே காணோம் என்றால் உள்ளே இருக்கும் மதிப்புகளை ஆராயாமல், செலக்டரைப் பாருங்கள். ஃபயர்பாக்ஸில் கன்சோலின் மேலே சிஎஸ்எஸ் என்று ஒரு பட்டன் இருக்கும், இயல்பில் அணைந்திருக்கும். அதை இயக்கினால் எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியைத் தூக்கி எறிந்தது என்று அதுவே சொல்லிவிடும். இவ்வளவு நல்ல வசதியைப் பலர் ஒருமுறைகூட அழுத்திப் பார்த்ததில்லை என்பது வருத்தமான விஷயம்.

ஐபேட் கார்டுகள் ஒட்டிக்கொள்ளக் காரணம் ஃப்ளெக்ஸில் (வரிசையாக அடுக்கும் லேஅவுட் முறை) ‘கேப்’ (gap, இடைவெளி). ஃபயர்பாக்ஸ் இதை 2018லேயே 63ஆம் பதிப்பில் கொடுத்துவிட்டது, குரோம் 2020இல் 84இல். சஃபாரியில் 2021 ஏப்ரலில், 14.1இல்தான் வந்தது. ஐஓஎஸ் 12ஓடு நின்றுபோன ஐபேடுகளுக்கு அது கிடைக்கவே கிடைக்காது. சப்போர்ட்ஸ் விதியால் (@supports, ஒரு வசதி உண்டா என்று பிரவுசரிடம் கேட்பது) சோதிக்கலாம் என்று கை தானாகப் போகும், அங்கேதான் ஏமாற்றம். அந்தப் பழைய சஃபாரி, கிரிட்டில் (கட்டம் கட்டமாக அடுக்கும் முறை) ‘கேப்’பைப் புரிந்துகொள்வதால் ‘உண்டு’ என்றே பதில் சொல்லும், ஃப்ளெக்ஸில் இல்லை என்பதை மறைத்துவிடும். நம்பகமான சோதனை ஜாவாஸ்கிரிப்டில்தான்: ஃப்ளெக்ஸ் காலமாக (column, மேலிருந்து கீழாக) ஒரு டிவ், ரோ-கேப் 1 பிக்ஸல், உள்ளே இரண்டு வெற்று டிவ்கள். பக்கத்தில் சேர்த்ததும் அதன் ஸ்க்ரோல்-ஹைட் 1 என்று வந்தால் ஆதரவு உண்டு, 0 என்றால் இல்லை. கார்டுகள் சம அகலத்தில் இருந்தால் இந்தச் சோதனைகூட வேண்டாம். ஃப்ளெக்ஸை விட்டுவிட்டு கிரிட்டுக்கு மாறுவதே நல்லது. இங்கே அதைத்தான் செய்தோம்.

ஐபோன் பட்டனுக்கு வருவோம். ‘ஐபோனில் குரோம் போட்டுப் பார்த்தோம், அதிலும் உடைகிறது, ஆகவே சஃபாரி காரணமில்லை’ என்று ஒரு முடிவு வந்து சேர்ந்தது. வீண் வேலை. ஐபோனில் குரோம், ஃபயர்பாக்ஸ் எல்லாமே உள்ளுக்குள் சஃபாரியின் எஞ்சினான வெப்கிட்தான். 2024இல் ஐஓஎஸ் 17.4 வந்தபோது ஐரோப்பிய ஒன்றியத்தில் விலக்கு கிடைத்தது. சஃபாரியில் 100விஎச் (100vh, பக்கம் தெரியும் பகுதியின் முழு உயரம்) என்பது முகவரிப்பட்டை சுருங்கிய நிலையின் உயரம். பட்டை விரிந்திருக்கும்போது அந்த அளவு திரையைத் தாண்டிப்போய், அடியில் இருப்பது மறைந்துவிடுகிறது. முதலில் 100விஎச், அடுத்த வரியில் 100டிவிஎச் (100dvh, அந்தந்த நேரத்தில் தெரியும் உயரம்) என்று இரண்டையும் எழுதுங்கள். சஃபாரி 15.4, ஃபயர்பாக்ஸ் 101, குரோம் 108 முதல் இரண்டாவது வரி எடுபடும், பழையவை முதல் வரியோடு நிற்கும். அடுத்து வருபவர் இரட்டை வரி என்று நினைத்து ஒன்றை அழித்துவிடாமல் இருக்க, பக்கத்தில் ஒரு கமென்ட் அவசியம்.

அதே 100டிவிஎச்சை ஒரு சிஎஸ்எஸ் வேரியபிளில் வைத்து ‘வார்’ (var) மூலம் கொடுத்தால் இந்த உத்தி பலிக்காது. ‘வார்’ உள்ள வரியை பிரவுசர் படிக்கும்போது சரி என்று ஏற்றுக்கொண்டு, முதல் வரியைத் தள்ளிவிடுகிறது. மதிப்பு புரியவில்லை என்று பிறகுதான் தெரிகிறது; அப்போது உயரம் ‘ஆட்டோ’ ஆகிவிடும், பழைய வரிக்குத் திரும்பாது. வேரியபிளைச் சப்போர்ட்ஸ் விதிக்குள் வைத்து மாற்றுவதுதான் வழி. டிவிஎச்சுக்கு அந்த விதி உண்மையைச் சொல்லும்.

போனைச் சோதிக்க மேக்கும் கேபிளும் இருந்தால், போனின் சஃபாரி அமைப்புகளில் அட்வான்ஸ்டு பகுதியில் வெப் இன்ஸ்பெக்டரை இயக்கி, மேக் சஃபாரியின் டெவலப் மெனுவிலிருந்து பார்க்கலாம். மேக் இல்லையென்றால் பிளேரைட் (Playwright) என்ற சோதனைக் கருவியோடு வரும் வெப்கிட் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். லேஅவுட் பிழைகள் பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும், முகவரிப்பட்டையின் சேட்டை மட்டும் தெரியாது.

சிறுசிறு தொல்லைகள் சிலவும் இருந்தன. இன்புட்டில் எழுத்தளவு 16 பிக்ஸலுக்குக் கீழே போனால் ஐபோன் தட்டியவுடன் பக்கத்தைப் பெரிதாக்கிவிடும், 16 வையுங்கள். 100விடபிள்யூ (100vw, திரை அகலம் முழுதும்) கொடுத்த பேனர் மேக்கில் சரியாக இருந்து விண்டோஸில் பக்கவாட்டில் நகர்ந்தால், காரணம் இடம் பிடிக்கும் ஸ்க்ரோல்பார், 100% போதும்.

தமிழ்த் தலைப்புகளின் மேல்கொம்பு வெட்டுப்பட்டதும் பிரவுசரின் கோளாறு இல்லை. வெப்ஃபான்ட்டில் தமிழ் எழுத்துகள் இல்லாததால் விண்டோஸ் நிர்மலாவையும், மேக் தமிழ் சங்கம் எம்என்னையும், ஆண்ட்ராய்டு நோட்டோவையும் எடுத்துக்கொண்டன. மூன்றின் உயரமும் வேறு. ஹைட்டுக்குப் பதில் மின்-ஹைட், லைன்-ஹைட் அலகில்லாமல் 1.6, ஓவர்ஃப்ளோ ஹிட்டனை எடுத்துவிடுவது: இந்த மூன்றோடு கொம்புகள் எல்லாக் கருவியிலும் முழுசாக வந்துவிட்டன.