கோடு வளையவில்லை

இதய ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த வேலை, எலியின் இதயத்திலிருந்து, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுப்பது. எல்லாம் பனிக்கட்டி மேல்தான். திசுவைப் பொடியாக வெட்டி, அரைத்து, சென்ட்ரிஃப்யூஜில் இரண்டு முறை சுற்றினால் சோதனைக் குழாயின் அடியில் அது பழுப்பாகப் படியும். இதயத் தசைச் செல்லின் கன அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியாதான். இதயம் நாளொன்றுக்குக் கிலோ கணக்கில் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைத் தயாரிக்கிறது. கையிருப்போ சில நொடிகளுக்குத்தான் தாங்கும்.

பிரித்ததை, ஆக்சிஜன் அளவை அளக்கும் மின்முனையில் விட்டு, ஏடிபிக்கு மூலப்பொருளான அடினோசின் டைபாஸ்பேட் சேர்ப்போம். ஆக்சிஜன் குறைவதைக் காட்டும் கோடு சடாரென்று கீழே இறங்கி, சேர்த்தது தீர்ந்ததும் வளைந்து நிதானமாகும். அந்த வளைவுதான் உயிரோட்டத்தின் அடையாளம்.

ஒரு நாள் கோடு வளையவே இல்லை. மின்முனையைக் கழுவினேன், சவ்வை மாற்றினேன். ம்ஹூம்.

மேடம் வந்து பார்த்தார். "பஃபர்ல இஜிடிஏ போட்டியாம்மா?"

பஃபர் என்பது திசுவை அரைக்கும் கரைசல். அதில் போடவில்லை. கால்சியத்தைப் பிடித்துவைப்பது இஜிடிஏதான். அது இல்லாததால், அரைத்த திசுவிலிருந்து வெளிவந்த கால்சியத்தை மைட்டோகாண்ட்ரியா உறிஞ்சி, உப்பிக் கெட்டுப்போயிருந்தது. அதிகாலையிலிருந்து செய்த வேலை வீண். கண்ணீர் வராத குறை.

மேடம் திட்டவில்லை. "மாரடைப்புல அடைப்பை எடுத்ததும் நடக்கிறது இதுதான்" என்றார். அதுவரை அடைப்பு நீங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றே நினைத்திருந்தேன். இரத்தம் வராதபோது செல்லுக்குள் அமிலம் கூடுகிறது. அந்த அமிலமே மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் உள்ள ஒரு துளையை மூடி வைத்திருக்கிறது. இரத்தம் திரும்பியதும் அமிலம் வடிகிறது. ஆக்சிஜன் திடீரென்று வருவதால் செல்லைச் சிதைக்கும் தீவிர மூலக்கூறுகள் பெருகுகின்றன, கால்சியமும் சேர்ந்துவிடுகிறது. துளை திறந்துகொள்கிறது, மைட்டோகாண்ட்ரியா உப்பி வெடிக்க, செல்லும் சாகிறது. காப்பாற்ற வந்த இரத்தமே கொஞ்சம் தசையைக் கொல்கிறது. அதற்காக அடைப்பை விட்டுவைக்க முடியாது. விட்டால் மொத்தமும் போகும்.

சைக்ளோஸ்போரின் என்ற மருந்து அந்தத் துளை திறப்பதைத் தடுக்கும். 2008இல் 58 நோயாளிகளிடம் செய்த சிறிய ஆய்வு நம்பிக்கை தந்தது. 2015இல் 970 பேரைச் சேர்த்த பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. அந்தக் கட்டுரையை ஆய்வகத்தில் எல்லோரும் ஒன்றாகப் படித்தபோது யாரும் அதிகம் பேசவில்லை. என் கணக்கில், கருத்து தவறில்லை. மருந்து சரியான நேரத்தில் சரியான இடத்துக்குப் போய்ச் சேருவதுதான் சிக்கல்.

அப்புறம் இரத்தக் குழாய் குழுவுக்கு மாறினேன். குழாயின் உட்சுவர்ச் செல்களில் மைட்டோகாண்ட்ரியா கொஞ்சமே; ஆற்றலைப் பெரும்பாலும் குளுக்கோஸை உடைத்தே பெறுகின்றன. அங்கே மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தூது வேலை. சர்க்கரையும் கொழுப்பும் கூடும்போது அது கக்கும் சூப்பர்ஆக்சைடு என்ற தீவிர மூலக்கூறு, குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடை விழுங்கிவிடுகிறது. குழாய் விறைக்கிறது, படிவு சேர வழி பிறக்கிறது.

முதல் முறை அந்தச் செல்களை அரைத்து சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்தபோது சோதனைக் குழாயின் அடியில் ஒன்றுமே இல்லை என்று நினைத்து ஊற்றிவிடப் போனேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், ஒரு மங்கிய கறை. பஃபரில் இஜிடிஏ போட்டிருந்தேன்.