அடையாறு தோட்டத்தில் யார் எப்போது இருந்தார்கள்? வரைபட வேலை இதுவரை

அடையாறு பிரம்மஞான சபையின் (தியசாபிகல் சொசைட்டி) கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு வேண்டியிருந்தது வேறு: அந்த வளாகத்தில் ஒரே சமயத்தில் யார் யார் குடியிருந்தார்கள்? எழுத்தில் பார்த்தால் ஒருவர் போனபின் இன்னொருவர் வருவது போலவே தோன்றுகிறது. அதனால்தான் வரைந்து பார்க்க உட்கார்ந்தேன்.

முதலில் அடித்தாள். பெரிய சார்ட் பேப்பரில் 1 சென்டிமீட்டருக்கு 25 மீட்டர் என்று அளவு வைத்துக்கொண்டேன். வடக்கே அடையாறு ஆறு, கிழக்கே முகத்துவாரமும் கடலும். இன்றைய வளாகம் சுமார் 250 ஏக்கர், அதாவது ஏறக்குறைய 1 சதுர கிலோமீட்டர். அது தாளை நிறைத்துவிடுகிறது. 1882-ல் சபையை நிறுவிய பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் வாங்கிய ஹடில்ஸ்டன் தோட்டம் வெறும் 27 ஏக்கர். சதுரமாக வைத்துக்கொண்டால் பக்கத்துக்கு 13 சென்டிமீட்டர்தான் வருகிறது. அந்தச் சின்னக் கட்டத்தைச் சிவப்பில் போட்டதும், பின்னால் எத்தனை தோட்டங்களைச் சேர்த்துச் சேர்த்து வளர்த்திருக்கிறார்கள் என்பது ஒரே பார்வையில் புரிந்துவிட்டது.

தாளின் அடியில் காலப்பட்டை. ஆண்டுக்கு 5 மில்லிமீட்டர், ஆளுக்கு ஒரு நிறம். அடையாற்றில் இருந்த காலத்துக்கு முழுக்கோடு, வெளியூர்ப் பயணத்துக்குப் புள்ளிக்கோடு. பிளாவட்ஸ்கியின் கோடு 1882 டிசம்பரில் தொடங்கி 1885 மார்ச்சில் முடிகிறது. அதிலும் 1884-ன் பெரும்பகுதி ஐரோப்பாவில். ஆக, 1 சென்டிமீட்டர்கூடத் தேறவில்லை. ஆல்காட்டுக்கோ 1907-ல் இறக்கும்வரை 12 சென்டிமீட்டர். அடையாறு நூலகத்தை 1886-ல் தொடங்கியவரும் அவர்தான். இந்த இடத்தை நிலைநிறுத்தியவர் ஆல்காட் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பேசும்போது அம்மையார் பெயர்தான் முதலில் வருகிறது. அன்னி பெசன்ட் 1893-லேயே இந்தியா வந்துவிட்டாலும் அதிகம் இருந்தது காசியில். சபைத் தலைவரான 1907-லிருந்துதான் அடையாற்றில் அவர் கோடு தடிமனாகிறது. 1933-ல் அங்கேயே முடிகிறது.

அப்புறம் ட்ரேசிங் பேப்பர். முக்கியமான ஆண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள், அடித்தாளின் மேல் வைத்துப் பார்க்கும்படி. 1909-க்கான தாளில்தான் நிறைய நேரம் போனது, போனதில் மகிழ்ச்சியே. ஓய்வுபெற்ற அரசு ஊழியரான நாராயணய்யா மகன்களோடு ஜனவரியில் வந்து, வளாகத்துக்கு வெளியே ஒரு பழைய வீட்டில் குடியேறுகிறார். அடுத்த மாதம் சபையின் முக்கியப் பிரமுகரான லெட்பீட்டர் வந்து ஆற்றோர எண்கோண பங்களாவில் தங்குகிறார். கடற்கரையில் அவர் கண்ணில் படுகிறான் நாராயணய்யாவின் மகன், சிறுவன் கிருஷ்ணமூர்த்தி (பின்னாளில் தத்துவ அறிஞர் ஜே. கிருஷ்ணமூர்த்தி). வெளி வீட்டிலிருந்து ஒரு கோடு, பங்களாவிலிருந்து ஒரு கோடு, இரண்டும் முகத்துவாரத்தில் சேர்கின்றன. இந்தச் சமயத்தில் பெசன்ட்? அவருக்குப் புள்ளிக்கோடு: வெளிநாட்டுச் சொற்பொழிவுப் பயணம். நவம்பர் கடைசியில் திரும்பிய பிறகே பையனைப் பார்க்கிறார். படித்தபோது இந்த இடைவெளியை நான் கவனித்ததே இல்லை. பெசன்டின் பொறுப்பிலிருந்த மகன்களைத் திரும்பக் கேட்டு 1912-ல் தந்தை நாராயணய்யா போட்ட வழக்கு சென்னையில் அவருக்குச் சாதகமாகி, 1914-ல் லண்டன் பிரிவி கவுன்சிலில் மாறிப்போனது. அந்த வழக்கில் போய் முடிந்த கதையின் முதல் நாட்களெல்லாம் இந்தத் தாளில் சில சென்டிமீட்டருக்குள் இருக்கின்றன.

1939 தாள் சீக்கிரம் முடிந்தது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வந்து, ஆல்காட் தோட்டத்தில் தங்குகிறார். போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே இருந்துவிடுகிறார். சபைத் தலைவர் அருண்டேல். அவர் மனைவி ருக்மிணி தேவி 1936-ல் தொடங்கிய கலாக்ஷேத்திரா அப்போது இந்த வளாகத்தில்தான். குழந்தைக் கல்விக்கும் பரதநாட்டியத்துக்கும் அப்படியொரு அக்கம்பக்கம் அமைந்ததை நினைத்தால் சிலிர்க்கிறது.

இப்போது தாள் போதவில்லை. சபையை விட்டு விலகிய கிருஷ்ணமூர்த்தி, சென்னை வந்தால் தங்கியது ஆற்றின் வடகரையில், கிரீன்வேஸ் சாலை வசந்த விஹாரில். ராதா பர்னியர் சபைத் தலைவரான 1980-ல்தான் கிருஷ்ணமூர்த்தி பல பத்தாண்டுகளுக்குப் பின் வளாகத்துக்குள் வந்தார். அதைக் காட்ட வடக்கே ஒரு துண்டு ஒட்டியாக வேண்டும். காலப்பட்டையையும் 17 சென்டிமீட்டர் நீட்ட வேண்டும். வடகரைத் துண்டைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். ஒட்டியதும் அடுத்தது 1980 தாள்.