மூன்று வரிக்கு வந்த வினை

மூன்றே மூன்று வரி. ஒரு திறந்த மூல மென்பொருளில் திகதி பிழையாக வந்ததைத் திருத்தி அனுப்பினேன், அதைப் பராமரிப்பவர்கள் சேர்க்காமல் இரண்டு கிழமையாக அப்படியே கிடந்தது, ஏனென்றால் சேமிக்கும்போது என் எடிட்டர் கோப்பு முழுக்க இருந்த டாப்பையெல்லாம் (வரியை உள்ளே தள்ளும் டாப் விசையின் எழுத்து) நாலு நாலு ஸ்பேஸாக மாற்றிவிட்டது. பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுக் காட்டும் டிஃபைத் திறந்தால் 412 வரி சிவப்பும் பச்சையுமாக நிற்கிறது, அதற்குள் என் மூன்று வரியை நானே தேட வேண்டியிருந்தது.

முதலில் எனக்குச் சரியான கோபம். கோட் எழுதும் முறைக்கு ஆளுக்கொரு விதி. லினக்ஸின் உட்கருவான கெர்னலில் டாப், அதுவும் எட்டு எழுத்து அகலம். பைத்தான் மொழியின் எழுத்துநடை வழிகாட்டியான பெப் 8 நாலு ஸ்பேஸ் என்கிறது. கெர்னல்காரரே வரிக்கு 80 எழுத்து என்று எவ்வளவு காலம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு 2020இல் எச்சரிக்கை வரம்பை 100 ஆக்கினார்கள். "கோட் ஓடுதுதானே, பிறகென்ன இவங்களுக்கு?" என்று டச்பே கடற்கரையில் மச்சானிடம் பொரிந்து தள்ளினேன் (வீட்டில் கரண்ட் இல்லை, வேறு எங்கே போவது).

அவன் கடலையைக் கொறித்தபடி, "நாளைக்கு ஏதும் பிழைச்சா, எந்த வரியை ஆர் கடைசியா மாத்தினதெண்டு கிட் பிளேம் போட்டுப் பார்த்தா 412 வரியிலயும் உன்ர பேர்தானே வரும்?" என்றான்.

எனக்குப் பதில் இல்லை. கோ மொழிக்காரர் கொடுத்துவைத்தவர்கள், கோஃபம்ட் என்ற கருவி அடுக்கிக் கொடுப்பதுதான் அடுக்கு, சண்டைக்கே இடமில்லை.

இரவு கரண்ட் வந்ததும் டாப்பா ஸ்பேஸா என்று எடிட்டருக்குச் சொல்லும் எடிட்டர்கான்ஃபிக் கோப்பைப் போட்டு, மூன்று வரியை மட்டும் திரும்ப அனுப்பினேன். அடைப்புக்குறியை அடுத்த வரியில் போடச் சொல்லிப் பராமரிப்பவர்கள் கேட்டதை மட்டும் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. போட்டிருக்கிறேன்தான்.