சிலாப் ஒழுக்கை நிறுத்த எனக்கு இரண்டு மாரி பிடித்தது

திருகோணமலை உவர்மலையில் அப்பா கட்டிய வீடு. மேலே கொங்கிறீட் சிலாப், சுற்றிவர இரண்டடிக் கைப்பிடிச்சுவர். 2020 டிசம்பரில் புரெவி புயல் திருகோணமலைப் பக்கமாகக் கரையேறிய இரவுக்குப் பிறகுதான் ஹோல் ஃபேன் கொக்கியைச் சுற்றி ஒரு மஞ்சள் வட்டத்தைக் கண்டோம். பெரிதாக எடுக்கவில்லை. வருடத்துக்கு வருடம் வட்டம் பெருத்து, முந்தின வருடக் கார்த்திகையில் சொட்டவே தொடங்கிவிட்டது.

அவசரத்தில் தெரிந்தவர் மூலம் ஓர் ஆளைப் பிடித்தேன். ஏறிப் பார்த்துவிட்டுப் பத்தே நிமிடத்தில், வோட்டர் ப்ரூஃப் பெயின்ட் இரண்டு கோட் அடித்தால் சரி என்றார். மூன்று நாள் மழை விட்டிருந்தது, மேலே காய்ந்த மாதிரித்தான் தெரிந்தது. சாமான், கூலி எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். தைப்பொங்கலுக்கு மேலே ஏறினால் சிலாப் முழுக்கக் கொப்புளம். ஒன்றை விரலால் அமர்த்தினேன், உள்ளே தண்ணீர் நகர்ந்தது. நகத்தால் கிளப்பியதும் பெயின்ட் பாலாடை மாதிரிக் கையோடு வந்தது. அந்த ஆளுக்கு எத்தனையோ தரம் கோல் எடுத்தேன். மணி அடிக்கும், எடுக்க மாட்டார். அந்தக் காசை நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது.

மேலே காய்ந்தாலும் கொங்கிறீட்டுக்குள் ஈரம் இருக்கும். வெயில் ஏற அது ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் பெயின்ட்டைத் தூக்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சதமும் தேவையில்லை. ஒன்றரை அடிச் சதுரமாகக் கண்ணாடிப் பொலித்தீன் ஒன்றை வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் நீர்த்துளி பூத்திருந்தால் எந்தப் பூச்சும் பூச வேண்டாம். நம் ஊரில் மழை ஐப்பசியில் பிடித்தால் தை வரை. இந்த வேலைக்கு வைகாசி, ஆனியில் வறண்ட கச்சான் காற்று வீசும் நாட்கள்தான் சரி.

சித்திரை கழிந்து, பாலையூற்றிலிருந்து வயதான மேசன் ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் மேலே ஏறவே இல்லை, முதலில் ஃபேனைப் பார்த்தார். "பிள்ளை, தண்ணி ஃபேனுக்கால வருதெண்டா வயர் பைப்புக்குள்ளால ஓடி வருது. இறங்கிற இடம் வேற எங்கயோ இருக்கு." கையோடு அந்தப் பக்கத்து ட்ரிப் சுவிட்சையும் இறக்கச் சொன்னார். ஒரு மாரி முழுக்க அந்த ஃபேனைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளைக் கீழே படுக்க வைத்திருந்தேன். தண்ணீரும் கரண்டும் ஒரே பைப்பில் என்று அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் தண்ணீர் கட்டிப் பார்த்தோம். மணலால் வரம்பு போட்டு, ஒவ்வொரு பகுதியாக ஓரங்குலம் நிரப்பி ஒரு நாள் விடுவது. பத்தடிக்குப் பத்தடியில் ஓரங்குலத் தண்ணீரே 236 கிலோ வரும். கீழே கம்பி தெரியுமளவுக்குக் கொங்கிறீட் கழன்ற சிலாப்பில் இதைச் செய்யாதீர்கள், ஹோஸால் பகுதி பகுதியாக நனைத்துப் பார்த்தால் போதும். மூன்றாம் பகுதியில் பிடிபட்டது. தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால், கைப்பிடிச்சுவரும் சிலாப்பும் சேரும் மூலையில் நூல் கனத்தில் ஒரு வெடிப்பு. அதற்குள் காகம் போட்ட விதையில் முளைத்த ஆலங்கன்று. ஃபேனிலிருந்து அந்த மூலை பதினெட்டடி தள்ளி!

இன்னொன்றும் தெரிந்தது. தண்ணீர் போகும் பைப்பின் வாய் தளத்தைவிட ஒரு விரல் கனம் உயர்ந்திருந்தது. இவ்வளவு காலமும் மழைத்தண்ணீர் ஒரு விரல் ஆழத்துக்குத் தேங்கித்தான் நின்றிருக்கிறது.

கன்றை வேரோடு எடுத்து, வெடிப்பை 'வி' மாதிரி வெட்டிச் சீலன்ட் நிரப்பி, மூலை நெடுக சீமெந்துக் கலவையால் சரிவு பிடித்து, பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம் வாட்டம் வைத்துப் புதுப் பூச்சும் போட்டு நனைத்து ஆறவிட்டோம். அதெல்லாம் ஒரு தடங்கலும் இல்லாமல் நடந்தது.

தடங்கல் மேலே பூசும் சாமானில் வந்தது. பவுடரும் திரவமும் கலந்து பூசும் வகை. கடையில் பவுடரைத் தந்துவிட்டு, திரவம் முடிந்துவிட்டது, தண்ணீரில் கலந்தாலும் சரி என்றார்கள். மேசன் ஐயா பேசாமல் பையைத் திருப்பித் திகதியைக் காட்டினார். முடிந்து நான்கு மாதம். கட்டி கட்டியாக இருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால், விற்ற சாமானை எடுப்பதில்லையாம். பில்லை மேசையில் வைத்துவிட்டு முதலாளி வரும்வரை இரண்டு மணித்தியாலம் அங்கேயே நின்றேன். காசு வந்தது. பில் இல்லாவிட்டால் அதுவும் போயிருக்கும். வேறு கடையில் இரண்டு பாகமும் சேர்ந்த செட்டாக வாங்கினேன். முதல் கோட் நெடுக்காக, மறுநாள் இரண்டாவது குறுக்காக. மூலைகளில் நடுவே வலைத்துணி.

இந்த ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் அடித்தது. இரவு எழும்பி டோர்ச் அடித்துப் பார்த்தேன், கொக்கியடி காய்ந்தே இருந்தது. மஞ்சள் வட்டத்தை இன்னும் பெயின்ட் அடித்து மறைக்கவில்லை. அது பெருக்கிறதா என்று பார்க்கப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, திகதியும் எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்து வளவு வேம்பு இலை கொட்டிப் பைப் வாயை அடைப்பதால், மழை விட்ட நேரம் பார்த்து ஞாயிறுதோறும் மேலே ஏறி அள்ளுகிறேன்.